எலும்பை எடுத்துடாத

எவுலாலியா வீட்டில் குவாகமோலே, அதாவது அவகாடோ விழுது, கறுக்காது. இது ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். எங்கள் மலைச்சரிவில் மரத்துக்கு மரம் அவகாடோ தொங்குகிறது. எந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் கல்வத்தில் கொஞ்சம் பச்சை விழுது இருக்கும். ஆனால் மத்தியானம் செய்தது சாயங்காலத்துக்குள் மேலே பழுப்புத் தட்டிவிடும். அவகாடோவின் சுபாவம் அது. காற்றுப் பட்டால் முகம் சுண்டிவிடும். லாலி என்று நாங்கள் கூப்பிடும் எவுலாலியா வீட்டில் மட்டும் முந்தாநாள் செய்தது இன்றைக்கும் இப்போதுதான் மரத்திலிருந்து இறக்கியது போல இருக்கும். அவள் ஏதோ மருந்து கலக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அவள் கைப்பக்குவத்தில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கல்லுப்பு மூன்றையும் முதலில் கல்வத்தில் போட்டு நீர் விடும்வரை நசுக்குவாள். எரிமலைக் கல்லில் கொத்திய மூன்று கால் கல்வம் அது. புதுசாக வாங்கியபோது பல்லில் மணல் கடிபடாமல் இருக்க அரிசியைப் போட்டு அரைத்து அரைத்துக் கொட்டிப் பழக்கியது. அப்புறம்தான் அவகாடோ. அதை மையாக அரைக்க மாட்டாள். அங்கங்கே கட்டி நிற்கும்படி உடைத்துவிடுவாள். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை இரண்டு சொட்டு. தக்காளி போடுகிறவர்களை அவள் மனுஷராகவே மதிப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு நடுவில் எலும்பு.

எலும்பு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எங்கள் பேச்சில் பழத்துக்குள் இருக்கும் கொட்டைக்கும் மனுஷனுக்குள் இருக்கும் எலும்புக்கும் ஒரே பேர்தான். மாம்பழத்துக்கும் எலும்பு உண்டு, மாமனாருக்கும் எலும்பு உண்டு. அவகாடோவின் எலும்பை விழுதுக்கு நடுவே புதைத்து வைத்தால் கறுக்காது என்பது வீட்டுக்கு வீடு நம்புகிற சங்கதி. எலும்பு உள்ளே இருக்கும்வரை, தன்னை யாரோ அறுத்துவிட்டார்கள் என்பது சதைக்குத் தெரியாதாம்.

லாலியின் நாத்தனார் குக்கா இதை நம்பாதவள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். குக்காவின் அண்ணனை லாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து குக்கா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள், ஆனால் மரியாதை மட்டும் பள்ளிக்கூடத்து மரியாதைதான்.

“எலும்பு எந்த இடத்தைத் தொடுதோ அந்த இடம்தான் பச்சையா இருக்கும், அண்ணி. அதை எடுத்துப் பாரு, அடியில ஒரு குழி மட்டும் பச்சையா இருக்கும். மிச்சமெல்லாம் கறுப்பு. அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம். பிளாஸ்டிக் தாளை விழுது மேலேயே காத்துப் புகாம ஒட்டி அழுத்து. இல்லன்னா விரல் உசரத்துக்குத் தண்ணி ஊத்தி ஃப்ரிட்ஜில வை, சாப்பிடும்போது வடிச்சிடு. நான் அப்படித்தான் வைக்கிறேன்.”

“உன்னோடது கறுக்குதா இல்லையா?”

“கறுக்கும். கொஞ்சம்.”

“என்னோடது?”

இந்தக் கேள்வி வந்தால் மட்டும் குக்கா மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பாள்.

லாலியின் புருஷன் சிரிலோ தோட்டத்தில் காய் பறிக்கிறவன். நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கடைசியாக அவன் பேசியபோது லாலி கல்வத்தை விட்டு ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “லாலி, எலும்பை எடுத்துடாத” என்றான். அவ்வளவுதான். இவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சாகிற நேரத்திலும் மனுஷனுக்குச் சோற்று நினைப்பு என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். குக்கா மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். தங்கைக்கு வேதனை தாளவில்லை என்று நினைத்தார்கள்.

அன்றிலிருந்து லாலி ஒரு தடவைகூட எலும்பில்லாமல் குவாகமோலே வைத்ததில்லை. புருஷன் கேட்டுக்கொண்ட ஒரே காரியம். அதையாவது செய்வோம் என்று செய்தாள்.

மகள் யாதிரா மொரேலியா நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதல் குழந்தை வயிற்றிலேயே தங்கவில்லை. இரண்டாவது தங்கியதும், “நான் அங்க இருக்க மாட்டேன்மா, நம்ம வீட்டுக்கே வந்துடறேன்” என்று நிறைமாதத்துக்கு முன்பே பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்தவள் நாள் முழுக்க அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். காஸ் அடுப்பு வந்தும் அந்த வீட்டில் பழைய விறகடுப்பு மூலையில் இருந்தது; லாலி மிளகாய் சுடவும் ரொட்டி வாட்டவும் அதைத்தான் மூட்டுவாள். யாதிரா அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு வயிற்றைத் தடவியபடி, “இங்க உக்காந்தாத்தான் இவன் ஆட்டம் போடறான்” என்பாள். அந்த வயிற்றை லாலி ஒரு நாளைக்கு நூறு தடவை பார்ப்பாள். இந்தக் குழந்தை உயிரோடு கைக்கு வரவேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

அந்த ஆசைதான் வினையாயிற்று. அடுப்படித் தரை மண் தரை. குழந்தை தவழ்ந்தால் மண்ணை வாரி வாயில் போடும், புகையில் இருமும். விறகடுப்பை இடித்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று லாலி முடிவு செய்தாள்.

“இவ்வளவு நாள் இருந்த தரை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே, அண்ணி,” என்றாள் குக்கா.

“ஏன், நீ வந்து கூட்டப் போறியா?”

“பிரசவம் முடியட்டும். வீட்டுல சூலி இருக்கும்போது இடிக்கக் கூடாதும்பாங்க.”

“பிளாஸ்டிக் தாள்தான் கடவுள்ங்கிற உனக்கு இதெல்லாம் எப்பலேர்ந்து?”

குக்கா வானத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வானத்தில் பார்க்க விஷயம் இருந்தது; மழைக்காலம், மலைமேல் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது.

கொத்தனார் தாச்சோ வாயாடி. கடப்பாரை பாதி வேலை செய்தால் வாய் மீதியைச் செய்யும். அடுப்புக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். முற்றத்தில் அவகாடோவைப் பிளந்துகொண்டிருந்த லாலிக்கு முதலில் அந்த அமைதிதான் கேட்டது.

“டோன்யா லாலி, இங்க எலும்பு இருக்கு.”

“இங்கயும்தான் இருக்கு,” என்று கையிலிருந்த கொட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“பழத்து எலும்பு இல்லீங்க. நிஜ எலும்பு. சின்ன மண் கலயம், வாயைச் சுண்ணாம்பு வச்சு அடைச்சிருக்கு. என் கடப்பாரை பட்டு விளிம்பு போயிடுச்சு. உள்ள துணி சுத்தி என்னமோ. புறா மாதிரி இருக்கு.”

“பழைய ஆளுங்க அடுப்படியில எதையாவது புதைச்சு வைப்பாங்க. கோழிக்குஞ்சா இருக்கும்.”

“எடுத்துடவா?”

“எடுத்து வெளிய வை.”

“நிஜமாவா? சில வீட்டுல இதைத் தொட வேணாம்னு சொல்லுவாங்க. பார்த்துச் சொல்லுங்க. எடுத்துடவா?”

“எடுத்துடுப்பா. எலும்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

இதைச் சொல்லும்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. புருஷனின் அந்தச் சொல்லை அவள் கல்வத்துக்குள்ளேயே வைத்து மூடியிருந்தாள். தாச்சோ கலயத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் கூரை இறவாணத்தின் கீழ் வைத்தான். கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டான்.

மத்தியானம் லாலி அவனுக்குச் சோள ரொட்டியும் பீன்ஸும் குவாகமோலேயும் வைத்தாள். கல்வத்தின் நடுவில் எலும்பு புதைந்திருந்தது. தாச்சோ ரொட்டியை மடித்து விழுதை எடுக்கக் குனிந்தவன், குனிந்த வாக்கிலேயே நின்றான். எலும்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் கட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் அகலமாயிற்று. ஈரத்துணியில் மசி ஊறுவது போல அது விளிம்புவரை போய் நின்றது. அவகாடோ மேலேயிருந்துதான் கறுக்கும். காற்றுப் படுகிற இடத்திலிருந்து. இது உள்ளேயிருந்து கறுத்தது.

“டோன்யா லாலி, உங்க பேரு போச்சு,” என்றான் தாச்சோ. சிரிப்பு அவன் வாயில் மட்டும் இருந்தது. பீன்ஸை மட்டும் தின்றுவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினான். கதையளக்காமல் தாச்சோ ஒரு வீட்டைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

லாலி வேறு பழம் அறுத்தாள். எலுமிச்சையைப் பிழிவதற்குள் அதுவும் கறுத்தது. குக்கா சொல்கிற மாதிரி பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்திப் பார்த்தாள். தாளுக்கு அடியிலேயே கறுத்தது. தண்ணீர் ஊற்றி வைத்தாள். தண்ணீருக்கு அடியிலும் கறுத்தது. சிரிலோ படத்துக்கு முன்னால் வைத்திருந்த பூக்கள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. அவற்றை எடுக்கப் போனவள் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. கொட்டையின் பால் பட்டால் கறை ஏறுவது வழக்கம்தான் என்று எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தாள். கறை போகவில்லை. தேய்த்த இடத்தில் வலியும் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. மறுநாளும் விடவில்லை. அடுப்படி இடிந்து கிடந்ததால் யாதிரா உள்ளறையில் படுத்திருந்தாள். காலையில் காப்பி கொண்டுபோனபோது அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

“அம்மா, இவன் நேத்திலேர்ந்து அசையவே இல்லை.”

“தூங்கறானா இருக்கும்.”

“போன தடவையும் நீ இதையேதான் போன்ல சொன்ன.”

லாலி உடனே ஊர் மருந்தகத்து நர்ஸைக் கூப்பிட்டனுப்பினாள். நர்ஸ் குடையும் சேறுமாக வந்து வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். துடிப்பு இருக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக இருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். ஆனால் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்ததும் கூட்டிப்போங்கள், அதுவரை இடது பக்கமாகப் படுக்க வையுங்கள், நான் போய் வண்டிக்குச் சொல்லிவைக்கிறேன் என்று வாசலுக்குப் போனவள், படியில் நின்று லாலியின் கையைப் பார்த்தாள்.

“உங்க கைக்கு என்ன?”

“அவகாடோ கறை.”

நர்ஸ் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட வேகத்தில் விட்டுவிட்டாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

கறுப்பு அப்போது விரல்களைத் தாண்டியிருந்தது. லாலி முற்றத்துக்கு வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கலயம் இருந்தது. சாரலில் நனைந்து உடைந்த விளிம்பு வழியாகத் துணியின் நுனி வெளியே தெரிந்தது. நீலநூல் தையல். அவள் உட்கார்ந்து துணியை மெல்ல இழுத்தாள். மடிப்பு பிரிந்தது. தையலில் ஒரு முயல். ஒரு காது சரியாக இருந்தது. இன்னொரு காது நீளமாகி முதுகுவரை வந்திருந்தது.

அந்தக் காதைப் போட்டவள் அவள்தான். கல்யாணமான புதிதில், முதல் பிள்ளைக்காக. கணக்குத் தப்பிக் காது நீண்டுபோனதும் சிரிலோ, இது முயல் இல்லை கழுதை என்று கேலி செய்தான். அந்தக் குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் புதைத்துவிட்டு வந்தேன் என்று சிரிலோ சொன்னான். அவள் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்தபின் அந்த மூலைக்குப் போய்ப் பூ வைக்க அவளுக்குத் தைரியம் வரவே இல்லை. அதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை.

துணிக்குள் இருந்தவை காற்றுப்பட்டதும் சாம்பலைப் போல உதிர்ந்தன. அவள் கண்ணெதிரிலேயே உதிர்ந்தன. கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு எலும்பு மட்டும் முழுசாக நின்றது.

“அண்ணி.”

சூப்புப் பாத்திரத்தோடு குக்கா முற்றத்து வாசலில் நின்றிருந்தாள். துணியைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“உனக்குத் தெரியுமா இது?” என்றாள் லாலி.

“தெரியும்.”

“மூலையில புதைச்சேன்னு சொன்னான்.”

“அப்படித்தான் சொல்லச் சொன்னேன்.” குக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். “குழந்தை வந்துச்சு, மூச்சில்ல. கொஞ்ச நேரத்துல உனக்கும் மூச்சில்ல, அண்ணி.”

“மயக்கம்.”

“மயக்கம் இல்ல. நான்தான் உன் தாடையைத் துணியால கட்டினேன். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினேன். மெழுகுவத்தி ஏத்தியாச்சு. அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனான். அடுப்புக்குக் கீழ தோண்ட ஆரம்பிச்சான். என்னண்ணா பண்றேன்னு கத்தினேன். எலும்பு உள்ள இருந்தா அறுத்தது சதைக்குத் தெரியாதாமேன்னான். பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். மூடிட்டு மேல அடுப்பை மூட்டினான். நீ உள்ளேர்ந்து தண்ணி கேட்ட.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. லாலி தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எழுந்தப்போ தாடையில துணி இருந்துச்சு,” என்றாள்.

“இருந்துச்சு. பல்வலிக்குக் கட்டினேன்னு சொன்னேன். நம்பிட்ட.”

“யாதிரா?”

“அவ அதுக்கப்புறம்தானே பிறந்தா. அதை நான் யோசிக்கவே மாட்டேன், அண்ணி. யோசிச்சா தூக்கம் வராது. மொரேலியாவுக்கு அவளைப் பார்க்கப் போனியே, என்ன ஆச்சு? மறுநாளே கை காலெல்லாம் விறைச்சுத் திரும்பி வந்த. அவளோட முதல் பிள்ளையும் அங்கதான் போச்சு. இந்தத் தரையை விட்டுத் தள்ளிப் போனா உங்க யாருக்கும் ஆகாது. வேலைய ஆரம்பிக்காதேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ செத்துட்டேன்னு எப்படி வாய்விட்டுச் சொல்றது? சொன்ன அடுத்த நிமிஷமே உனக்குத் தெரிஞ்சிடுமே.”

லாலிக்குக் கோபம் வந்தது. குக்காமேல் இல்லை. அத்தனை வருஷம் சின்னக் குழந்தை ஒன்று அடுப்புக்கடியில் தீயைச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறது. அதன்மேல் அவள் மிளகாய் சுட்டிருக்கிறாள். இறந்த குழந்தைகளின் ஆத்மாக்கள் வீட்டுக்கு வருகிற நாளில் ஊரெல்லாம் தத்தம் பிள்ளைகளுக்கு மிட்டாயும் பாலும் வைத்தபோது, இவளுக்குத்தான் யாருமில்லை என்று அடுத்த வீட்டுக்கு உதவி செய்யப் போயிருக்கிறாள்.

“என்ன குழந்தை?” என்று கேட்டாள்.

“பையன்.”

அவள் அந்த ஒற்றை எலும்பைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் உள்ளங்கை கதகதத்தது. கறுப்பு பின்வாங்கியது. மணிக்கட்டிலிருந்து புறங்கைக்கு, புறங்கையிலிருந்து விரலுக்கு. நகங்கள் மறுபடியும் சிவந்தன. எலுமிச்சை தேய்த்த இடம் சுரீரென்று எரிந்தது. அந்த எரிச்சல் எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது. வாழ யாருக்குத்தான் கசக்கும்? பேரனைத் தூக்கவேண்டும், அவன் முதல் முடியை இறக்க வேண்டும், அவன் மிளகாய் தெரியாமல் கடித்துவிட்டு அலறுவதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

“அடுப்புக்கடியில திரும்ப வச்சிடு, அண்ணி. நானே மண்ணைப் போட்டு மூடறேன். யாதிராவையும் தூக்கிட்டு வந்து அங்கயே படுக்க வைப்போம்.”

“முழுசா இருந்தப்ப வீட்டையே தாங்கினான். இப்ப இவ்வளவுதான் மிச்சம்.”

லாலி எழுந்து உள்ளறைக்குப் போனாள். யாதிரா கண்ணை மூடிக் கிடந்தாள், உதடு வெளுத்திருந்தது. லாலி எலும்பை விடாமல், அதன் மறுமுனையை மகளின் வயிற்றில் வைத்தாள். வைத்த இடத்தில் தோலுக்கு அடியில் ஏதோ புரண்டது. ஒரே ஒரு தடவை. அதே நேரம் எலும்பின் நுனி பொடிந்து யாதிராவின் சட்டையில் வெள்ளையாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“ரெண்டு பேரையும் இழுக்க அதுக்குத் தெம்பு இல்ல, அண்ணி,” என்றாள் குக்கா, பின்னாலிருந்து, மிக மெதுவாக. “யாராவது ஒருத்தரை விடணும்.”

“யாரைன்னு நீ சொல்லிடாத.”

“நான் சொல்லல.”

லாலி எலும்பை மகள் வயிற்றிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். பொடிவது நின்றது. வயிற்றுக்குள் குழந்தை இந்தத் தடவை நன்றாகவே உதைத்தது. போர்வை ஆடியதைக் குக்காவும் பார்த்தாள். எலும்பு இருந்த பக்கமாகத்தான் உதைத்தது. லாலி துணியிலிருந்து முயல் இருந்த துண்டைக் கிழித்து, விரல் படாமல் எலும்பைச் சுற்றினாள். மறுபடி கறுக்கத் தொடங்கிய விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. குக்கா சிவப்பு நாடாவை வைத்துக் கட்டி, ஊக்கு மாட்டி, வயிற்றோடு சேர்த்து இறுக்கினாள். சூல்கொண்டவளுக்குக் கிரகணத்தன்று கட்டுகிற கட்டு அது.

யாதிரா கண்ணைத் திறந்தாள். “என்னம்மா இது? இன்னைக்குக் கிரகணமா?”

“ஆமா. கழட்டாத.”

“இந்த மழையில கிரகணம் யாருக்குத் தெரியப் போகுது?” என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் கைவைத்தாள். முகம் மலர்ந்தது. “அம்மா, ஆடறான்.” கொஞ்சம் கழித்து, “எனக்குப் பசிக்குது” என்றாள்.

பசி என்ற சொல்லைக் கேட்டதும் லாலிக்கு உயிர் வந்தது என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அது பொய். அவள் அடுப்படிக்குப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். கல்வத்தை இழுத்தாள். வெங்காயமும் மிளகாயும் நசுங்கின. அவகாடோவைப் பிளந்தாள், விரல் பட்ட இடமெல்லாம் கறுத்தது. பழத்தைக் குக்கா பக்கம் தள்ளினாள்.

“நீ செய். தக்காளி மட்டும் போட்டுடாத.”

குக்கா பேசாமல் உடைத்தாள், கொத்தமல்லியைக் கிள்ளினாள், எலுமிச்சை பிழிந்தாள். அழுகை மூக்கில் இறங்கி அவளுக்கு உப்பு பார்க்கத் தெரியவில்லை. லாலி பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் உப்பு என்று சொன்னாள். கறுப்பு முழங்கையைத் தாண்டியிருந்தது. அவள் சால்வையை எடுத்துத் தோளிலிருந்து இழுத்துப் போர்த்திக் கைகளை உள்ளே மறைத்துக்கொண்டாள். குளிர் என்று சொல்ல முடியாத ஒரு குளிர் கால்வழியாக ஏறியது. பயம் இருந்தது. இல்லை என்று அவளே சொல்லிக்கொள்ளவில்லை.

வெளியே மழை தணிந்து, பாலத்துப் பக்கம் ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. நர்ஸ் சொல்லிவைத்த வண்டியாக இருக்கும்.

யாதிரா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, ரொட்டியை மடித்து மடித்துத் தின்றாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. லாலி அறைக்குள் நுழையவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்று மகள் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க வா. என்னமா உதைக்கிறான் பாரு. கை வச்சுப் பாரு.”

லாலியின் தோள் தானாக முன்னால் போனது. அப்புறம் நின்றது. அவள் தொட்டால் அந்த எலும்பு இழுக்க வேண்டியது இரண்டு ஆள் ஆகிவிடும்.

“கையில மிளகாக் காரம் இருக்குடி.”

“கழுவிட்டு வா. அதுக்குள்ள நிறுத்திடப் போறான்.”

“நிறுத்த மாட்டான்,” என்றாள் லாலி. “மாமன் பிடிச்சிட்டு இருக்கான்.”

யாதிரா வாயில் ரொட்டியோடு சிரித்தாள். “எந்த மாமன்? எனக்கு ஏதும்மா அண்ணன்?”

நிலைப்படியில் சாய்ந்திருந்த சால்வைக்குள் மூச்சின் அசைவு நின்றிருந்தது. குக்கா தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், தலையைத் தூக்கவில்லை.